வீட்டிலிருந்த நாள் யார் கணக்கில்?

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி காலையில் நாட்டின் பல தோட்டங்களில் பெரட்டுக் களம் வெறிச்சோடிக் கிடந்தது. கோவிட்-19 என்னும் கொள்ளை நோயைத் தடுக்க அரசாங்கம் பிறப்பித்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்றுதான் அமலுக்கு வந்தது. இரண்டு வாரம் என்றார்கள். அது மூன்று முறை நீட்டப்பட்டது. மே 4-ந் தேதிதான் கட்டு சற்றே தளர்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில் பல மாநிலங்களில் மறுபடியும் கட்டுப்பாடு. ஜூன் முதல் தேதியிலிருந்து முழு அடைப்பு. சில தோட்டங்கள் அனுமதி பெற்று வேலை நடத்தின. சிலவற்றில் பாதி ஆட்களே மலைக்கு இறங்கினர். மற்றவற்றில் உளியும் வாளியும் சுவரோரம் கிடந்தன. தொழிலாளி வீட்டில் உட்கார்ந்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. "போன நோயை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நோய் அடங்கியது உண்மை. வேலையில்லா நாள் அடங்கிவிட்டதா? மழை பெய்தால் வேலை இல்லை. இலை கொட்டினால் பால் இல்லை. விலை சரிந்தால் ஆள் குறைப்பு. மறுநடவென்றால் மரம் இல்லை. தோட்டம் கை மாறினால் எதுவுமே இல்லை. மேலும், கொள்ளை நோய் ஒரு முறைதான் வரும் என்று நமக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1918-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் இன்புளுவென்சாக் காய்ச்சல் மலாயாவின் லயங்களில் புகுந்து, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளரை வாரிக் கொண்டு போயிற்று. அன்று அவர்களுக்குச் சங்கம் இல்லை, சேமநிதி இல்லை, வேலைச் சட்டமும் இன்றுள்ள வகையில் இல்லை. 2020-ல் நமக்கு எல்லாம் இருந்தன. இருந்தும் என்ன நடந்தது என்பதை ஒரு முறை கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கென்றால் தோட்டத்தில் செக்ரோல்தான் கணக்கு. முழு நாள், அரை நாள், விடுமுறை, நோய் விடுப்பு, வராத நாள் என்று ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு குறி உண்டு. அந்தக் குறியை நம்பித்தான் மாதக் கடைசியில் அரிசியும் பருப்பும் வீடு வந்து சேர்கின்றன. அப்படியானால், "வீட்டிலேயே இரு" என்று அரசாங்கம் சொல்லித் தொழிலாளி வீட்டிலிருந்த அந்த நாட்களுக்கு என்ன குறி? அது முதலாளி கணக்கா, அரசாங்கக் கணக்கா, அல்லது தொழிலாளியின் தலைக் கணக்கா? நாம் இன்று கேட்பது இந்த ஒரே கேள்விதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடுவோம். "சும்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்" என்று சிலர் பேசினார்கள். விடியுமுன்னே எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக மரம் சீவி, வெயில் ஏறுமுன் பால் சேர்க்கும் மனிதனுக்குச் சும்மா இருப்பது எளிதான காரியமல்ல. முதல் வாரம் அவன் பழக்க தோஷத்தால் நான்கு மணிக்கே விழித்துக் கொண்டான். இரண்டாம் வாரம் வேலியைக் கட்டினான், கோழிக் கூட்டைச் செப்பனிட்டான், மரவள்ளியும் கீரையும் நட்டான். மூன்றாம் வாரம் கையிருப்பை எண்ணினான். நான்காம் வாரம் யாரிடம் கடன் கேட்கலாமென்று யோசித்தான். வேலையில்லாத வீடு இப்படித்தான் நகரும். இதை ஓய்வென்று சொல்பவர்கள் ஒரு மாதம் அதில் இருந்து பார்க்கட்டும்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் வேலை நின்றது ஆணுக்குத்தான். பெண்ணுக்கு அன்றுதான் வேலை கூடியது. அவளும் பால் வெட்டுக்குப் போகிறவள்தானே? அவளுக்கும் மலையில் வேலை நின்றதே? ஆனால் மூன்று வேளையும் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அடுப்பு அணைவதெப்போது? பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, கிழவர்களுக்குக் கிளினிக் போக வழியில்லை, கடைக்குக் குடும்பத்துக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோ மீட்டருக்குள். இருக்கிற அரிசியைப் பத்து நாளைக்கு நீட்டிக்கிற கணக்கு அவள் தலையில் விழுந்தது. 2020 மார்ச் கடைசியில் மகளிர் நல அமைச்சு, ஜப்பானியச் சித்திரப் பூனையான டோரேமோனின் குரலில் கணவரிடம் கொஞ்சிப் பேசும்படி மனைவியருக்கு யோசனை கூறி, நாடே நகைத்த பிறகு மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. மனைவி எப்படிப் பேச வேண்டுமென்று சொன்ன அமைச்சு, கணவன் ஒரு சட்டியைக் கழுவ வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரசாங்கம் சொல்லாததைச் சங்கம் சொல்கிறது: வேலை நின்ற வீட்டில் வேலையைப் பங்கிட்டுக் கொள்வதுதான் தொழிலாளிக்கு அழகு. சம கூலி கேட்டுக் கை உயர்த்துகிறவன் தன் வீட்டு அடுப்படியில் முதலாளியாக நடக்கக் கூடாது.

குடியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பொழுது போகாத நேரத்தில் போத்தல் துணைக்கு வரும். கடை மூடியிருந்தால் களவுச் சாராயம் வரும். 2018-ல் சிலாங்கூர் வட்டாரத்தில் நச்சுக் கலந்த சாராயம் குடித்துப் பலர் மாண்டதை நாடு பார்த்தது. வேலை இல்லாத நாளில் குடிக்கும் ஒரு வெள்ளி, வேலை உள்ள நாளில் குடிக்கும் ஐந்து வெள்ளிக்குச் சமம். ஏனெனில் அது பிள்ளையின் சோற்றிலிருந்து நேராக எடுத்தது. இதைப் பாதிரியாரைப் போலவோ பூசாரியைப் போலவோ சொல்லவில்லை. கணக்கெழுதுகிறவன் முறையில் சொல்கிறோம்.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். பள்ளிகள் மூடின. படிப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி; அதுவும் தகப்பன் கையில். மூன்று பிள்ளைகள். தோட்டத்தின் மூலையில் ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் அலை கிடைக்கும். 2020-ம் ஆண்டின் ஆறாம் ஆண்டுப் பரீட்சையே ரத்தானது. மறு ஆண்டில் அந்தப் பரீட்சை முறையே நிரந்தரமாக எடுக்கப்பட்டது. பரீட்சை இல்லையென்று சில பெற்றோர் பெருமூச்சு விட்டனர். ஆனால் பரீட்சை ரத்தானதால் எழுத்தும் கணக்கும் பிள்ளை மனதில் தானாக ஏறிவிடுமா? நகரத்துப் பிள்ளைக்கு மேசையும் கணினியும் தனியறையும் இருந்தன. லயத்துப் பிள்ளை அதே மாதங்களில் எத்தனை படி பின்னால் போயிற்று என்பது இன்னும் சில ஆண்டுகள் கழித்து அது வேலை தேடிப் புறப்படும்போதுதான் முழுதும் தெரியும்.

ஆனாலும் அந்த நாட்களில் நாம் கண்ட நல்ல காரியம் ஒன்றுண்டு. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, அதோடு உளி பிடித்த தகப்பன்மார் பலர், பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் தாங்களே திறந்தார்கள். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். திருக்குறளைப் பிள்ளை ஒப்பிக்கக் கேட்டார்கள். மலையில் நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லாத மனிதனுக்கு, அந்த ஒரு மணி நேரம் வாழ்க்கையில் புதிது. வேலை திரும்பியதும் அந்த வழக்கம் நின்று போனதென்றால் அது பெரிய நஷ்டம். மாலையில் ஒரு மணி நேரம் புத்தகத்துக்கென்று ஒதுக்குவதற்குக் கொள்ளை நோய் தேவையில்லை.

இனி, கூலிக்கு வருவோம். இங்கேதான் நம் தொழிலாளர் அதிகம் ஏமாந்தார்கள்; அறியாமையால் ஏமாந்தார்கள்.

நமது 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 16-வது பிரிவு என்று ஒன்றிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்ட பிரிவு அது. நாள் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் முதலாளி வேலை கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்க இயலாவிட்டாலும், கொடுக்கத் தவறினாலும், தொழிலாளி வேலைக்குத் தயாராகவும் தகுதியாகவும் இருந்த அந்த நாட்களுக்கு வேலை செய்ததைப் போலவே கூலி கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். "இயலாவிட்டாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மழையால் இயலாமற் போகலாம், மரத்தால் இயலாமற் போகலாம். சட்டம் எழுதியவர்கள் தோட்ட வாழ்வை அறிந்தே அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். "நாங்கள் மூடவில்லை, அரசாங்கம் மூடியது, ஆகையால் கூலி இல்லை" என்று 2020-ல் சில இடங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அந்த வாதம் இந்தப் பிரிவின் முன் எப்படி நிற்கும் என்று கேட்கிறோம். கட்டுப்பாட்டுக் காலத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று மனிதவள அமைச்சும் அப்போது சொல்லியிருந்ததே!

இதைக் காசாக மாற்றிப் பார்ப்போம். 2020-ல் நகராட்சி எல்லைகளுக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. வாரம் 6 நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 42 வெள்ளி 31 காசு. 24 நாளுக்கு 1,015 வெள்ளி 44 காசு. 2025-ல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிச் சம்பளத்தின்படி நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. 24 நாளுக்கு 1,569 வெள்ளி 12 காசு. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு இந்த ஒரு பிரிவுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை அறிந்திருந்த தொழிலாளர் எத்தனை பேர்? நூறு பேரில் பத்துப் பேர் கையைத் தூக்கினால் நமக்கு மகிழ்ச்சி.

இரண்டாவது சட்டம், 1980-ம் ஆண்டின் வேலை நிறுத்தம் மற்றும் ஆட்குறைப்புச் சலுகை விதிகள். தொடர்ச்சியான 4 வாரத்துக்குள் குறைந்தது 12 சாதாரண வேலை நாளாவது வேலை கொடுக்காமலும், வேலையில்லாத காலத்துக்குச் சம்பளம் கொடுக்காமலும் விட்டால், அது தற்காலிக வேலை நீக்கம் என்றே கொள்ளப்படும். ஓராண்டாவது வேலை செய்தவருக்கு அதற்கு நஷ்ட ஈடு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குக் குறைவு வரை 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு மரம் சீவிய ஒருவர் என்று வைத்துக் கொள்வோம்: 240 நாள் சம்பளம். இந்தத் தொகையைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் உண்டு. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று தாள் நீட்டப்பட்டபோது, அதில் சம்பளமில்லா விடுப்புக்குத் தன் சம்மதத்தைத் தானே எழுதிக் கொடுப்பதாக இருந்ததென்று பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாத மொழியிலிருந்தால், தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, அரசாங்க உதவி. 2020-ல் மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்துக்கு 1,600 வெள்ளி கிடைத்தது. சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டத்தின் வழியாக மாதம் 600 வெள்ளி கொடுக்கும் திட்டமும் இருந்தது. 2018-ல் தொடங்கிய அந்தக் காப்புறுதிக்கு ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். வேலை போனால் 60 நாளுக்குள் சொக்சோவில் மனுச் செய்ய வேண்டும். இது தெரியாமல் 61-வது நாள் போய் நின்றவனுக்கு யார் பதில் சொல்வது? பிடித்தம் மட்டும் நமக்குத் தெரிகிறது. திரும்ப வரும் வழி தெரிவதில்லை.

நான்காவது, நம்முடைய சொந்தப் பணம். ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்கலாமென்று 2020 ஏப்ரலில் கதவு திறந்தது. பிறகு வேறு கதவுகளும் திறந்தன. எல்லாக் கதவும் மூடியபோது நாட்டில் மொத்தம் ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி வெளியே போயிருந்தது. பசித்த வயிற்றுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் 1951-ல் சேமநிதி தோன்றியது கிழத் தொழிலாளி கையேந்தாமல் இருப்பதற்காக. கொள்ளை நோயின் செலவைத் தொழிலாளி தன் முதுமையிலிருந்து எடுத்துக் கட்டினான் என்பதே இதன் பொருள். அதே காலத்தில் உலகத்தில் விற்ற ரப்பர்க் கையுறையில் பாதிக்கு மேல் இந்த நாட்டில் செய்யப்பட்டது. கையுறைக் கம்பெனிகள் முன்பு கண்டிராத இலாபம் கண்டன. அந்தக் கையுறைகளில் ஒரு பகுதி மரப்பாலில் செய்தது, ஒரு பகுதி செயற்கை ரப்பர். எதுவாயினும் ரப்பர்த் தொழிலின் பெயரால் குவிந்த செல்வம் ஒரு பக்கம். ரப்பர்த் தொழிலாளியின் காலியான சேமநிதிப் புத்தகம் இன்னொரு பக்கம். இந்த இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்பது குற்றமாகாது.

2021-ம் ஆண்டின் நடுவில் பட்டினி கிடந்த வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. அயலார் அரிசி கொண்டு வந்து கொடுத்தார்கள். இனம் பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. அது நம் நாட்டு மக்களின் பெருந்தன்மைக்குச் சான்று. ஆனால் யோசியுங்கள்: சட்டப்படி வர வேண்டிய கூலி வந்திருந்தால் எத்தனை வாசலில் அந்தக் கொடி ஏறியிருக்காது! தருமம் நல்லதுதான். கூலிக்குப் பதில் தருமத்தை வாங்கிக்கொண்டு போகிற நிலைக்கு உழைப்பாளி வரக்கூடாது.

வீட்டில் இரு என்றார்களே, அந்த வீடு யாருடையது? நம்மில் பெரும்பாலோர் இருப்பது தோட்டத்து வீடு. வேலை உள்ளவரை வீடு; வேலை போனால் சாவியைக் கொடுக்க வேண்டும். நகரத்துத் தொழிலாளி வேலை போனால் கூலியை இழக்கிறான். நாம் வேலை போனால் கூலியையும் கூரையையும் ஒரே நாளில் இழக்கிறோம். மூன்று தலைமுறை அந்தத் தோட்டத்தில் இரத்தம் சிந்தியவர்கள், ஓய்வு பெற்ற மறு மாதம் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து ஓரத்தில் வாடகை அறை தேடுகிறார்கள். "வீட்டிலேயே பத்திரமாக இருங்கள்" என்ற நல்ல வாசகம் இவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற கோரிக்கை நீண்ட காலமாகப் பேசப்படுகிறது. கொள்ளை நோய் அந்தக் கோரிக்கைக்கு ஒரு புதிய நியாயத்தைத் தந்திருக்கிறது: சொந்த வீடில்லாதவனுக்கு வீட்டடைப்பே ஒரு பயமுறுத்தல்.

நம்மோடு ஒரே நிரையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களையும் மறக்கக் கூடாது. ஒரு கொட்டகையில் பலர் படுக்கும் அவர்களுக்குத் தனித்திருக்க இடமேது? எல்லை மூடியது, ஊருக்குப் போக வழியில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப வேலையில்லை. வேலைக் காப்புறுதியும் அவர்களுக்கு இல்லை. தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதை ஏட்டிலிருந்து கொட்டகைக்குக் கொண்டு வருவது சங்கத்தின் கடமை. "அவன் அந்நியன்" என்று நாம் ஒதுங்கினால், மலிவான கூலிக்கு அவனை வைத்தே நம்மை ஒதுக்கிவிடுவார்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்திறங்கியபோது அவர்களும் அந்நியர்தான். 1930-ம் ஆண்டையொட்டி ரப்பர் விலை விழுந்தபோது அவர்களில் பல்லாயிரம் பேரை வந்த வழியே கப்பலேற்றி அனுப்பியதும் இந்த மண்ணில் நடந்ததுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, செய்ய வேண்டியது என்ன?

தொழிலாளத் தோழர் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். வேலை செய்த நாள், வேலைக்குத் தயாராக இருந்தும் வேலை கொடுக்கப்படாத நாள், கொட்டிய பாலின் எடை, பெற்ற சம்பளம் ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டை எறியாமல் கட்டி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அதுவே கணக்குப் பாடம். நாளை தொழில் இலாகாவில் வழக்கு வந்தால் நூறு பேச்சைவிட அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.

கிராணித் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மாதச் சம்பளம். அடைப்பு நாளிலும் பெரும்பாலும் நின்றதில்லை. மலைக்குப் போகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. செக்ரோலில் ஒரு குறி தவறினால் ஒரு குடும்பம் ஒரு நாள் பட்டினி. "வராத நாள்" என்பதும் "வேலை கொடுக்காத நாள்" என்பதும் ஒன்றல்ல. துரை சொன்னார் என்று இரண்டையும் ஒரே குறியில் போடாதீர்கள். மனு எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதிக் கொடுங்கள். சொக்சோ பாரம், உதவித் தொகைப் பாரம், சேமநிதிப் பாரம் எல்லாம் உங்கள் கைக்குச் சுலபம். வாரத்தில் ஒரு மாலை, கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். பேனா பிடிக்கும் கையும் உளி பிடிக்கும் கையும் ஒன்று சேர்ந்த தோட்டத்தில் யாரும் ஏமாறியதில்லை.

கிளைச் செயலவையினர், தங்கள் தோட்டத்து வீடுகளின் பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் தனிக்கிழவி, எந்த வீட்டில் தொலைபேசி இல்லாத பள்ளிப் பிள்ளை என்று அதில் இருக்க வேண்டும். அடுத்த அடைப்பு வந்தால் அரிசி மூட்டை எந்த வாசலுக்கு முதலில் போக வேண்டுமென்று அன்று யோசித்துக் கொண்டிருக்கக் கூடாது. வட்டிக்காரன் வாசலுக்கு நம் ஆள் போகுமுன் சங்கத்தின் கூட்டுறவுக் கடன் அவன் வாசலுக்குப் போக வேண்டும்.

தலைமைச் சங்கத்திடமும் நாம் கேட்பது உண்டு. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் மூன்று வரி தெளிவாக எழுதப்பட வேண்டும். கொள்ளை நோயாலோ அரசாங்க ஆணையாலோ வேலை நின்றாலும் 24 நாள் கூலி உண்டு என்பது ஒரு வரி. அந்தக் கூலி வெறும் அடிப்படைக் கூலியா, பால் எடையைச் சேர்த்த சராசரிக் கூலியா என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் சராசரிக் கூலியே என்பது இரண்டாம் வரி. வேலை நின்ற காலத்தில் யாரையும் தோட்டத்து வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது மூன்றாம் வரி. 1954-ல் பல சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளருக்கு ஒரே தேசியச் சங்கம் எழுந்தது, இப்படிப்பட்ட வரிகளை எழுதி வாங்குவதற்குத்தான். மாதம் தோறும் நாம் கட்டும் சந்தாவின் பொருளும் அதுதான்.

வெட்டாமல் விட்ட மரம் செத்துப் போவதில்லை. பட்டை ஊறுகிறது, பால் சேர்கிறது. அது அறிந்த துரைமார் மரத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். ஓய்வில் நிற்கும் மரத்தை யாரும் "சும்மா நின்றாய்" என்று வெட்டித் தள்ளுவதில்லை. மரத்துக்குக் கிடைக்கும் நியாயம் மனிதனுக்குக் கிடைக்க வேண்டாமா? வேலைக்குத் தயாராக வீட்டிலிருந்த ஒவ்வொரு நாளும் உழைப்பாளியின் நாள். அதை நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள். எழுதியதைச் சங்கத்தின் வழியாகக் கேட்டு வாங்குவோம்.